கட்டளை போனது, வேலை நடந்ததா?
இயந்திரங்களுக்கு இடம் சொல்லும் உணரிகள்

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அங்குள்ள இரண்டாம் உலை வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கி மூன்று மாதங்கள்கூட நிறையவில்லை.

நீராவி உண்டாக்கும் பகுதிக்கு நீர் அனுப்பும் பம்புகள் திடீரென நின்றுபோயின. உலையின் வெப்பத்தை எடுத்துச் செல்ல வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறியது. அழுத்தத்தைத் தணிக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. உலையும் தானாகவே நின்றது. இதுவரை எல்லாம் திட்டப்படிதான் நடந்தது.

அழுத்தம் இறங்கியதும் அந்த வால்வு மீண்டும் மூடிக்கொள்ள வேண்டும். அதற்கான கட்டளையும் போயிற்று. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்குரிய விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று பொருள். பணியில் இருந்தவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால், வால்வு மூடவில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. வால்வைத் திறந்து வைக்கும் மின்சாரம் இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே அது காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் அந்த வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தது. காலை 6.22க்கு அதே பாதையிலிருந்த வேறொரு வால்வை அடைத்த பிறகுதான் கசிவு நின்றது. உலையின் எரிபொருள் பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது பின்னாளில் தெரியவந்தது. அந்த உலை அதன்பிறகு இயங்கவே இல்லை. துப்புரவுப் பணி 1993 வரை நீடித்தது. அதற்குச் சுமார் 100 கோடி அமெரிக்க டாலர் செலவானது.

ஒரு விளக்கு மட்டுமே அந்த விபத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. போதாத பயிற்சி, ஒரே நேரத்தில் அலறிய ஏராளமான எச்சரிக்கை ஒலிகள், நீரின் அளவைத் தவறாகக் கணித்தது எனப் பல காரணங்கள் உண்டு. என்றாலும், விபத்துக்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விதித்த நிபந்தனைகளில் ஒன்றைக் கவனியுங்கள்: இத்தகைய வால்வுகள் திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்பதை நேரடியாகக் கண்டறிந்து காட்ட வேண்டும்.

மாணவர்களே, "செய்" என்று சொல்வது வேறு. செய்து முடிந்ததா என்று பார்ப்பது வேறு. இயந்திர உலகில் இரண்டாவது வேலையைச் செய்பவைதான் இடநிலை உணரிகள். அவற்றில் ஒரு முக்கியமான குடும்பத்தை இந்த வாரம் சந்திப்போம்.

நேர்கோட்டு இடநிலை உணரி என்றால் என்ன?

ஒரு பொருள் நேர்கோட்டில் முன்னும் பின்னும் அல்லது மேலும் கீழும் நகர்கிறது. அது இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மின்குறிப்பாக மாற்றிச் சொல்லும் கருவியே நேர்கோட்டு இடநிலை உணரி. இடநிலை சென்சார் என்றும் சொல்லலாம்.

"இதற்கு ஒரு ரூலர் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ரூலரைப் படிக்கக் கண் வேண்டும். இயந்திரத்துக்குக் கண் கிடையாது. மில்லிமீட்டர் என்றால் என்னவென்றும் அதற்குத் தெரியாது. மின்னழுத்தத்தை அளக்கவும், நேரத்தைக் கணிக்கவும், எண்ணிக்கை எண்ணவும் அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே, தூரத்தை இந்த மூன்றில் ஒன்றாக மாற்றிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கீழே வரும் உணரிகளைப் படிக்கும்போது, இது தூரத்தை எதுவாக மாற்றுகிறது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் மின்னழுத்தமாகிறது: பொட்டென்ஷியோமீட்டர்

எல்லாவற்றிலும் எளியது இது. மின்தடை கொண்ட ஒரு நீண்ட பட்டை. அதன் இரு முனைகளுக்கும் இடையே நிலையான மின்னழுத்தம். பட்டையைத் தொட்டபடி நகரும் ஒரு தொடுமுனை. அவ்வளவுதான்.

பட்டையின் நீளம் 150 மி.மீ. என்றும், முனைகளுக்கு இடையே 5 வோல்ட் என்றும் வைத்துக்கொள்வோம். தொடுமுனை தொடக்கத்தில் இருந்தால் 0 வோல்ட். மறுகோடியில் இருந்தால் 5 வோல்ட். நடுவில், 75 மி.மீ. தொலைவில் இருந்தால் 2.5 வோல்ட். இப்போது மீட்டர் 2 வோல்ட் காட்டுகிறது. தொடுமுனை எங்கே இருக்கிறது? 5-இல் 2 பங்கு, 150 மி.மீ.-இல் 2/5 பங்கு 60 மி.மீ. கணக்கு அத்தனை சுலபம்.

கோயில் திருவிழாவிலோ பள்ளி விழாவிலோ ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் மிக்சரைப் பார்த்திருப்பீர்கள். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் தள்ளும் பொத்தான்கள் அதில் வரிசையாக இருக்கும். பல மிக்சர்களில் அவற்றின் அடியில் இருப்பது இதே பொட்டென்ஷியோமீட்டர்தான்.

சிப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டோ ஜிபி பந்தயங்களைப் பார்ப்பவரா நீங்கள்? பந்தய மோட்டார் சைக்கிள்களைச் சோதித்துப் பார்க்கும்போது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பகுதியின் ஓரத்தில் மெல்லிய குழாய் போன்ற ஒன்றைப் பொருத்துவார்கள். அதுவும் இந்த உணரி வகையைச் சேர்ந்ததுதான். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது, எவ்வளவு வேகத்தில் மீள்கிறது என்பதை அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பதிவு செய்கிறது. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் ஸ்பிரிங்கை இறுக்குவதா, தளர்த்துவதா என்று பொறியாளர்கள் முடிவெடுப்பார்கள்.

விலை குறைவு, கணக்கு சுலபம் என்றால் எல்லா இடத்திலும் இதையே வைத்துவிடலாமே? இதற்கு ஒரு குறை இருக்கிறது. தொடுமுனை பட்டையை உரசிக்கொண்டே போகிறது. உரசினால் தேயும். அதிர்வும் தூசியும் நிறைந்த இடத்தில், நாளெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும் இயந்திரத்தில், தேய்ந்த இடத்தில் தொடுமுனை வரும்போதெல்லாம் அளவு தடுமாறும்.

தொடாமலே அளப்பது: எல்.வி.டி.டி.

தேய்மானம் இல்லாமல் அளக்க வேண்டுமானால் தொடாமல் அளக்க வேண்டும். அதற்கு வழி காட்டியது மின்காந்தத் தூண்டல். படிவம் 5 இயற்பியலில் மின்காந்தவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே மின்மாற்றிதான் இங்கே வேறு வேடத்தில் வருகிறது.

இதன் முழுப்பெயர் நேரியல் மாறு வேறுபாட்டு மின்மாற்றி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எல்.வி.டி.டி. என்பார்கள். ஹெர்மன் ஷேவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1946-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பொறியாளர்களிடையே பரவலாகத் தெரியவந்தது.

ஒரு குழாயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குழாயின் நடுவில் ஒரு கம்பிச் சுருள். இது முதன்மைச் சுருள். அதன் இருபுறமும் ஒரே அளவில் இரண்டு துணைச் சுருள்கள். குழாய்க்குள், சுவரைத் தொடாமல் நகரும் ஓர் இரும்புக் கலவைத் தண்டு. நாம் அளக்க விரும்பும் பொருளோடு இந்தத் தண்டு இணைக்கப்பட்டிருக்கும்.

முதன்மைச் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. அது உண்டாக்கும் காந்தப் புலத்தை, தண்டு இருபுறத் துணைச் சுருள்களுக்கும் கொண்டுசேர்க்கிறது. தண்டு சரியாக நடுவில் இருந்தால் இரண்டு துணைச் சுருள்களிலும் ஒரே அளவு மின்னழுத்தம் பிறக்கும். ஒவ்வொன்றிலும் 2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுருள்களையும் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருப்பதால் நமக்குக் கிடைப்பது இரண்டின் வேறுபாடு: 2 கழித்தல் 2, அதாவது 0.

தண்டு வலப்பக்கம் சற்று நகர்கிறது. வலச் சுருளில் 2.5 வோல்ட், இடச் சுருளில் 1.5 வோல்ட். வேறுபாடு 1 வோல்ட். அதே அளவு இடப்பக்கம் நகர்ந்தால் நிலைமை தலைகீழ். வேறுபாடு மீண்டும் 1 வோல்ட்தான், ஆனால் அலை எதிர்க்கட்டத்தில் இருக்கும். வேறுபாட்டின் அளவு எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறது. அலையின் கட்டம் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது.

எதுவும் எதையும் உரசவில்லை என்பதால் இது பல ஆண்டுகள் உழைக்கும். சுருள்களைக் காற்றுப் புகாதபடி மூடிவிடலாம். மின்னணுப் பகுதிகளைத் தொலைவில் வைத்துவிட்டு, சுருளையும் தண்டையும் மட்டும் வெப்பமான இடத்தில் பொருத்தலாம். அதனால்தான் மின் நிலையங்களின் நீராவி வால்வுகள், விமான இயந்திரங்களின் எரிபொருள் வால்வுகள், அணு உலைகள் போன்ற கடுமையான இடங்களில் இதை நம்புகிறார்கள். குறை என்ன? அளக்க வேண்டிய தூரம் கூடக்கூட, குழாயும் அதைவிட நீளமாகிக்கொண்டே போக வேண்டும். அதனால் மிக நீண்ட தூரங்களுக்கு இது ஒத்துவராது.

தூரம் நேரமாகிறது: மின்னலும் இடியும் போல

மாலை மழையில் மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கிறீர்களா? மூன்று நொடி கழித்து இடி கேட்டால், மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலி நடந்து வருகிறது. இந்த இடைவெளியைக் கொண்டே தூரத்தைக் கணிக்கிறோம்.

இதே தந்திரத்தைத்தான் காந்தச் சுருக்க உணரி பயன்படுத்துகிறது. இரும்பு போன்ற சில உலோகங்கள் காந்தப் புலத்தில் மிகச் சிறிதளவு வடிவம் மாறும் என்பதை ஜேம்ஸ் ஜூல் 1842-இல் கண்டறிந்தார். ஆற்றலின் அலகுக்குப் பெயர் தந்த அதே ஜூல்தான். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் நின்றால் கேட்கும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்த உணரியில் நீண்ட உலோகக் கம்பி ஒன்று இருக்கும். அந்தக் கம்பியைச் சுற்றி, தொடாமல் நகரும் காந்த வளையம் ஒன்று இருக்கும். கம்பியின் தலைப்பகுதியிலிருந்து ஒரு மின்துடிப்பு கிளம்புகிறது, இதுதான் மின்னல். அது கம்பி முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகப் பாய்ந்துவிடுகிறது. காந்த வளையம் இருக்கும் இடத்தில் இரண்டு காந்தப் புலங்கள் சந்திக்க, கம்பி அந்த இடத்தில் மெல்ல முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு ஓர் அலையாகக் கம்பி வழியே தலைப்பகுதிக்குத் திரும்பி வருகிறது, இதுதான் இடி. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 2,800 மீட்டர்.

அலை திரும்பி வர ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 250 பங்கு நேரம் ஆயிற்று என்றால், காந்தம் தலைப்பகுதியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? 2,800-ஐ 0.00025-ஆல் பெருக்குங்கள். 0.7 மீட்டர், அதாவது 70 சென்டிமீட்டர்.

உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள எண்ணெய் நிலையத்தின் தரைக்கு அடியில் பெட்ரோல் தொட்டிகள் இருக்கின்றன. பல நிலையங்களில் அத்தொட்டிகளுக்குள் இந்த உணரி நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருக்கிறது. காந்தம் பொருத்திய இரண்டு மிதவைகள் அதில் மேலும் கீழும் நகரும். ஒன்று பெட்ரோலின் மேல் மிதக்கும். மற்றொன்றின் அடர்த்தி பெட்ரோலைவிட அதிகம், நீரைவிடக் குறைவு. ஆகவே, அது பெட்ரோலில் மூழ்கி, தொட்டியின் அடியில் தேங்கும் நீரின் மேல் நிற்கும். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதோடு, தொட்டியில் நீர் புகுந்திருக்கிறதா என்பதும் இப்படித் தெரிந்துவிடுகிறது.

இதில் ஒரு மில்லிமீட்டருக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். தொட்டியில் பெட்ரோலின் மேற்பரப்பு 2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்றால் பரப்பளவு 10 சதுர மீட்டர். மட்டம் 1 மி.மீ. இறங்கினால் குறைந்தது 10 லிட்டர்! வெப்பநிலை மாற்றத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், விற்பனையே நடக்காத நள்ளிரவில் மட்டம் மெல்ல இறங்குகிறது என்றால், பெட்ரோல் மண்ணுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நிலத்தடி நீர் கெடுவதற்கு முன் அதைக் கண்டுபிடிக்க உதவுவது மில்லிமீட்டரை விடாமல் கவனிக்கும் இந்த உணரிதான்.

தூரம் எண்ணிக்கையாகிறது: ஒளியியல் குறியாக்கி

வீட்டில் மை தெளிக்கும் அச்சுப்பொறி, அதாவது இங்க்ஜெட் பிரிண்டர் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். மைப்புட்டிகளைத் தாங்கி ஓடும் பகுதிக்குப் பின்னால், இடமிருந்து வலமாக மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தொட வேண்டாம், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே அச்சுப்பொறி குழம்பிப்போகலாம். வெறும் சாம்பல் நிறப் பட்டை போலத் தெரிந்தாலும், அதில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும்.

ஒரு பக்கத்தில் சிறிய விளக்கு. மறுபக்கத்தில் ஒளி உணரி. நடுவே இந்தப் பட்டை. தலைப்பகுதி நகரும்போது ஒவ்வொரு கோடும் ஒளியை மறைத்து விடுகிறது. இயந்திரம் மறைப்புகளை எண்ணுகிறது. கோட்டுக்குக் கோடு 0.02 மி.மீ. இடைவெளி உள்ள பட்டையில் 500 கோடுகளைக் கடந்தால் 10 மி.மீ. நகர்ந்தாயிற்று.

எண்ணிக்கை மட்டும் போதுமா? வலப்பக்கம் 500 கோடு போனாலும் இடப்பக்கம் 500 கோடு போனாலும் எண்ணிக்கை ஒன்றுதானே! இதற்காக இரண்டு ஒளி உணரிகளைச் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். முதலாவது உணரி முதலில் இருளைக் கண்டால் ஒரு திசை. இரண்டாவது முதலில் கண்டால் எதிர்த்திசை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், எண்ணிக்கை மறந்துபோயிருக்கும். அச்சுப்பொறியை முடுக்கியதும் தலைப்பகுதி ஒருமுறை ஓரத்துக்குப் போய் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது ஓரத்தில் இடத்தை உறுதிசெய்துகொண்டு, அங்கிருந்து 0 என்று எண்ணத் தொடங்குகிறது. இவ்வகை உணரிகளை ஏறுமுறை உணரிகள் என்பார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிக் குறியீடு பொறித்த பட்டையும் உண்டு. அதைக் கொண்ட உணரி, மின்சாரம் வந்த கணமே தன் இடத்தைச் சொல்லிவிடும். அது தனிநிலை உணரி. பெரிய உலோக வெட்டு இயந்திரம், வேலையின் நடுவே மின்சாரம் போய் வந்ததும் இடம் தேடி ஓரத்துக்கு ஓடினால் என்னவாகும்? கத்தி பொருளில் மோதிவிடலாம். அத்தகைய இடங்களில் தனிநிலை உணரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல.

'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடப் பட்டறையில் இருக்கும் எண் காட்டும் கேலிப்பரும் இதற்கு உறவுதான். அங்கே ஒளிக்குப் பதிலாக, அளவுகோலின் அடியில் வரிசையாகப் பதித்த செப்புத் தகடுகளுக்கும் நகரும் பகுதிக்கும் இடையே மாறும் மின்தேக்குத்திறனைக் கருவி கவனிக்கிறது. அதைக் கொண்டே 0.01 மி.மீ. வரை காட்டுகிறது. நீர் பட்டால் அது தாறுமாறான எண்களைக் காட்டுவதற்கும் காரணம் இதுதான்: நீர் மின்தேக்குத்திறனை மாற்றிவிடுகிறது.

சொல், பார், திருத்து

இவ்வளவு சிரமப்பட்டு இடத்தைக் கண்டுபிடிப்பது எதற்காக? விமானத்தைப் பார்ப்போம். இங்கிருந்து ஏர் ஏசியாவிலோ ஸ்கூட்டிலோ பயணம் செய்தவர்கள் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஏறியிருக்கக்கூடும். விமானியின் கைப்பிடிக்கும் இறக்கையின் அசையும் பகுதிக்கும் இடையே நேரடிக் கம்பி இணைப்பு அதில் கிடையாது. விமானி கைப்பிடியை அசைத்தால், அது மின்குறிப்பாகக் கணினிக்குப் போகிறது. கணினி, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தள்ளுதண்டுக்குக் கட்டளை இடுகிறது.

தண்டு 30 மி.மீ. நீள வேண்டும் என்பது கட்டளை என்று வைத்துக்கொள்வோம். இப்போது அது 22 மி.மீ.-இல் இருப்பதாக உணரி சொல்கிறது. குறை 8 மி.மீ. கணினி தண்டைத் தள்ளுகிறது. குறை 3 ஆகிறது, 1 ஆகிறது. தள்ளும் வேகமும் குறைகிறது. குறை 0 ஆனதும் நிற்கிறது. காற்று மோதி 29-க்குத் தள்ளிவிட்டால், உணரி உடனே சொல்ல, கணினி மீண்டும் 30-க்குக் கொண்டுவருகிறது. இதற்குப் பெயர் பின்னூட்டக் கட்டுப்பாடு. சொல், பார், திருத்து, மீண்டும் பார். உணரி இல்லையென்றால் முதல் சொல்லோடு கதை முடிந்துவிடும்.

சாட்சியையும் சந்தேகப்படு

இப்போது கடினமான கேள்வி. உணரியே பழுதானால்?

எல்.வி.டி.டி.-இல் 0 வோல்ட் என்றால் தண்டு நடுவில் இருக்கிறது என்று பொருள் என்றோம். ஆனால், கம்பி அறுந்தாலும் 0 வோல்ட்தானே! நடுவில் இருப்பதும் செத்துப்போவதும் ஒரே மாதிரி தெரிந்தால் ஆபத்து அல்லவா? த்ரீ மைல் ஐலண்டில் அணைந்த விளக்கை நினைத்துப் பாருங்கள். "மூடிவிட்டது" என்பதையும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதையும் அந்த விளக்கால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பொறியாளர்கள் இதற்கு அழகான வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் நடுவில் 2-ம் 2-ம், நகர்ந்ததும் 2.5-ம் 1.5-ம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் 4. நன்றாக வடிவமைத்த உணரியில் வேறுபாடு இடத்துக்கேற்ப மாறும். கூட்டுத்தொகை ஏறக்குறைய மாறாது. கணினி இரண்டையும் தனித்தனியே படிக்கிறது. வேறுபாடு 0, கூட்டுத்தொகை 4 என்றால் தண்டு உண்மையிலேயே நடுவில் இருக்கிறது. கூட்டுத்தொகையும் விழுந்துவிட்டால் உணரியில் கோளாறு. அதன் பேச்சை அதற்குமேல் நம்பக்கூடாது.

தொழிற்சாலைகளில் இன்னொரு வழக்கம். உணரியின் குறிப்பை 0 முதல் 20 மில்லியாம்பியர் வரை அனுப்பலாம். ஆனால், பெரும்பாலும் 4 முதல் 20 வரைதான் அனுப்புவார்கள். மிகக் குறைந்த அளவுக்கே 4 மில்லியாம்பியர். அப்படியானால் 0 வந்தால் என்ன பொருள்? கம்பி அறுந்துவிட்டது! மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி. இயந்திரங்களுக்கு அது ஆகாது.

விமானம் போன்ற இடங்களில் ஒரே உணரியை மட்டும் நம்புவதில்லை. ஒரே இடத்தைத் தனித்தனியாக அளக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உணரிகளை வைத்து ஒப்பிடுவார்கள். தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது பொறியியலுக்கும் பொருந்துகிறது.

நீங்களே ஓர் உணரி செய்யலாம்

தேவையானவை: 6பி பென்சில், வெள்ளைத் தாள், 1.5 வோல்ட் மின்கலன், முதலைக் கவ்வி பொருத்திய இரண்டு கம்பிகள், பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் மல்டிமீட்டர்.

1. தாளில் 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வரைந்து, பென்சிலால் பலமுறை அழுத்தித் தீட்டுங்கள். வெள்ளை தெரியவே கூடாது. கவ்விகள் பிடிக்க இரு முனைகளிலும் சற்றுக் கூடுதலாகத் தீட்டிக்கொண்டு, அந்த இடங்களில் தாளைக் கத்தரித்துவிடுங்கள்.

2. ஒரு முனையை மின்கலனின் நேர்முனையோடும், மறுமுனையை எதிர்முனையோடும் இணையுங்கள். எதிர்முனைப் பக்கமே நமக்கு 0 செ.மீ.

3. மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தத்தின் 2 வோல்ட் வீச்சில் வையுங்கள். அதன் கறுப்பு முனையை 0 செ.மீ. இடத்தில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் ஒவ்வொரு செ.மீ.-இலும் மெல்லத் தொட்டு, அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. தூரத்தை கிடை அச்சிலும் மின்னழுத்தத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள்.

பட்டை சீராக இருந்தால் செ.மீ.-க்கு 0.15 வோல்ட் வீதம் ஏறி நேர்கோடு கிடைக்க வேண்டும். உங்கள் கோடு அங்கங்கே வளையலாம். பென்சில் அடர்த்தியாக விழுந்த இடத்தில் மின்தடை குறைந்து ஏற்றமும் குறைந்திருக்கும். அதனால் உங்கள் உணரி பயனற்றது என்று நினைத்துவிடாதீர்கள். அதே இடத்தில் பத்து முறை தொட்டாலும் அதே அளவு வந்தால், அந்த வரைபடத்தையே அட்டவணையாக வைத்துக்கொண்டு சரியான தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். இப்படிச் செய்வதை அளவுத்திருத்தம் என்பார்கள். தொழிற்சாலையில் தயாராகும் உணரிகளும் இத்தகைய சோதனையைத் தாண்டித்தான் வெளியே வருகின்றன.

சிவப்பு முனையைப் பட்டையின் மேல் சில நிமிடம் முன்னும் பின்னும் தேய்த்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் குறை என்னவென்று கண்முன்னே தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. நண்பரிடம் மீட்டரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் நேர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, சிவப்பு முனையை 7 செ.மீ.-இல் வையுங்கள். மீட்டர் 0 காட்டும். "முனை எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். 0 செ.மீ. என்று அவர் சொன்னால், அவரைக் குறை சொல்லாதீர்கள். கம்பி அறுந்தால் அதைத் தானாகவே காட்டிக்கொடுக்கும்படி உங்கள் உணரியை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள். விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.